‘சொல்லியாயிற்று’ என்றால் முடிந்ததா? ஒரு பணிக் கருவிக்கு விவரிப்பு எழுதிய ஏழு வாரம்

பிப்ரவரி 2 இரவு, ரதம் திரும்பிப் போன பிறகு, எங்கள் தண்ணீர்ப் பந்தலின் கடைசிக் கம்பியை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். அப்போது கைப்பேசிக்கு வந்த பட்டியலில் 68 பணிகளில் 66 முடிந்ததாக இருந்தது. மீதி இரண்டு: வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுப்பது, கணக்கு முடிப்பது. இரண்டும் உண்மையிலேயே முடியாதவை. அந்தப் பட்டியல் அப்படிச் சரியாக வருவதற்கு எனக்கு ஏழு வாரம் பிடித்தது. நிரலை ஒரு சனி, ஞாயிறில் எழுதிவிட்டேன். மீதி நாளெல்லாம் அந்த நிரல் என்ன செய்யும் என்பதை ஓர் ஏஐ ஏஜென்டுக்கு, அதாவது செய்தியைப் படித்துத் தானே முடிவெடுத்து வேலை செய்யும் செயற்கை நுண்ணறிவு நிரலுக்கு, புரியும்படி எழுதுவதிலேயே போயிற்று. இந்தப் பதிவு அந்த எழுத்தைப் பற்றியது.

பினாங்கில் தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைக்குப் போகும் சாலை நெடுக எத்தனை பந்தல்கள் நிற்கும் என்பது வந்தவர்களுக்குத் தெரியும். எங்களுடையது சின்னது. 14 தொண்டர்கள், மோர், பானகம், ஒரு வேளை சாப்பாடு. முந்தைய நாள் காலை ரதம் புறப்படுவதற்குள் எல்லாம் தயாராக வேண்டும். 2026இல் தைப்பூசம் பிப்ரவரி 1, ஆகவே எங்கள் கெடு ஜனவரி 31 விடிகாலை. வேலைகளை டெலிகிராம் குழுவில்தான் பேசிக்கொள்வோம். ஆளுக்கு ஒரு மொழி: தமிழ், மலாய், ஆங்கிலம், மூன்றும் கலந்தது. யார் எதை முடித்தார் என்று பார்க்க, முந்தைய ஆண்டு ஓர் அண்ணன் இரவெல்லாம் குழுவை மேலே கீழே தள்ளிப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்காகத்தான் இதைத் தொடங்கினேன்.

அமைப்பு எளிமையானது. மேசை இழுப்பறையில் கிடந்த ராஸ்பெர்ரி பை 4 என்னும் சின்னக் கணினி, அதில் எஸ்க்யூலைட் தரவுத்தளம், பணிகளுக்கு ஓர் அட்டவணை. புதிய மெமரி கார்டு 32 ரிங்கிட். இரண்டு ஏஜென்டுகள். ஒன்று குழுவில் வரும் செய்திகளைப் படித்து, எந்தப் பணி மாறியிருக்கிறது என்று முடிவுசெய்யும். இன்னொன்று இரவு 9 மணிக்கு மீதமுள்ள வேலைகளைக் குழுவில் இடும், பொறுப்பாளர் இல்லாத பணிகளுக்கு ஆள் கேட்கும். இரண்டும் தரவுத்தளத்தை நேரடியாகத் தொடக் கூடாது. ஒரே ஒரு கருவி வழியாகத்தான் மாற்றலாம். அதை, ஏஐ மாடல்களோடு வெளிக் கருவிகளை இணைக்கும் பொது நெறிமுறையான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் வழியாகக் கொடுத்தேன். நான் பயன்படுத்திய சேவையில் கருவியின் பெயர் ரோமன் எழுத்தில்தான் இருக்க வேண்டும். இங்கே அதைப் ‘பணி_மாற்று’ என்றே எழுதுகிறேன்.

ஏஜென்டை இயக்கும் மொழி மாடலுக்கு என் நிரல் தெரியாது. கருவியின் பெயர், புலங்களின் (மதிப்பை நிரப்பும் கட்டங்களின்) பெயர்கள், அவற்றின் கீழ் நான் எழுதும் விவரிப்பு, இவை மட்டுமே அதன் கண்ணில் படும். சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிட்டுக் கேட்கும் வழியும் நான் வைக்கவில்லை. டிசம்பர் 14 அன்று நான் எழுதியிருந்த விவரிப்பு இவ்வளவுதான்: “பணி ஒன்றைப் புதுப்பிக்கும். பணி எண் கட்டாயம்.” கீழே நிலை, பொறுப்பாளர், கெடு, குறிப்பு என்று நான்கு புலங்கள். இதற்கு மேல் என்ன சொல்ல இருக்கிறது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் ஐஸ்காரரின் தொலைபேசி எண் காணாமல் போயிற்று. ஐஸ் பணியின் குறிப்பில் அவருடைய எண், லாரியின் அளவு, முன்பணம் எல்லாம் இருந்தன. ஒரு தம்பி குழுவில், லாரி பின்பக்கச் சந்து வழியாக வரும் என்று எழுதினார். ஏஜென்ட் அந்த ஒரு வரியைக் குறிப்பில் எழுதியது. பழைய குறிப்பு மொத்தமும் போய்விட்டது. அதன் மேல் தவறில்லை. குறிப்புப் புலத்தில் எழுதினால் பழையது அழியுமா, அதோடு சேருமா என்று நான் எங்குமே சொல்லவில்லை. முந்தைய இரவு எடுத்த நகல் இருந்ததால் எண் திரும்பக் கிடைத்தது. இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் நகலை முதல் நாளே தொடங்கிவிடுங்கள். எனக்கு அது ஐந்து வரி ஸ்கிரிப்ட்.

விவரிப்பில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்: “இங்கே எழுதுவது பழைய குறிப்பை முழுவதும் நீக்கிவிட்டு அதன் இடத்தில் உட்காரும்.” இப்போது ஏஜென்ட் கவனமாகியது. முதலில் பழைய குறிப்பைப் படிக்கும், பிறகு பழையதையும் புதியதையும் சேர்த்து முழுக் குறிப்பையும் திரும்ப எழுதும். இரண்டு நாள் நன்றாகப் போயிற்று. பிறகு கவனித்தேன், நீளமான குறிப்புகளை அது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சுருக்கிக்கொண்டே வந்தது. “காலை 5 மணிக்கு முன் வந்தால் பின்வாசல், பிறகு வந்தால் முன்வாசல்” என்றிருந்தது, நான்காவது திருத்தத்தில் “காலையில் பின்வாசல்” ஆகிவிட்டது. எழுதச் சொன்னால் எழுதும். அப்படியே பெயர்த்து எழுது என்று எத்தனை அழுத்திச் சொன்னாலும் சுருக்கும் பழக்கம் முழுதாகப் போகவில்லை. கடைசியில் குறிப்புப் புலத்தையே எடுத்துவிட்டு ‘குறிப்பு_சேர்’ என்று பெயர் மாற்றினேன். எழுதியதை நிரல் பழைய குறிப்பின் கீழே ஒரு வரியாகச் சேர்க்கும், அவ்வளவுதான். நீண்ட விளக்கத்தால் ஆகாதது இந்தப் பெயர் மாற்றத்தால் ஆயிற்று. இதிலிருந்த ஆபத்து அப்போது எனக்குத் தெரியவில்லை, பின்னால் வருகிறது.

அடுத்த அடி டிசம்பர் 22 இரவு. 9 மணிப் பட்டியலில் 23 பணிகளுக்குப் பொறுப்பாளரே இல்லை. எல்லாருடைய பெயரும் போயிருந்தது. பதிவேட்டைப் பார்த்தேன். ஏஜென்ட் அன்று 23 பணிகளின் கெடுவை மாற்றியிருந்தது. ஒவ்வொரு முறையும் கெடுவுக்குப் புதிய தேதி கொடுத்து, மாற்ற வேண்டாத மற்றப் புலங்களில் ‘நல்’ என்னும் வெற்றுக் குறியை அனுப்பியிருந்தது. அதன் எண்ணத்தில் ‘நல்’ என்றால் ‘இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை’. என் நிரலில் ‘நல்’ என்றால் ‘அழித்துவிடு’. நான் இஷ்டத்துக்கு அப்படி வைக்கவில்லை. தரவில் ஒரு பகுதியை மட்டும் மாற்றுவதற்கு 2014இல் வந்த இணையத் தர ஆவணம், ஆர்எஃப்சி 7396 (ஜேசன் மெர்ஜ் பேட்ச்), அப்படித்தான் சொல்கிறது: புலத்தை விட்டுவிட்டால் தொடாதே, ‘நல்’ வந்தால் நீக்கு. வேலையிடத்தில் பல ஆண்டுகளாக அதையே பின்பற்றி வந்ததால், அது ஒரு விதி என்பதே மறந்துபோய் இயற்கை போல ஆகிவிட்டது. விதி என்று தோன்றாததை எழுதவும் தோன்றவில்லை.

முதலில் விதியை விவரிப்பில் எழுதிப் பார்த்தேன். பெரும்பாலும் கேட்டது, ஆனால் எப்போதும் இல்லை. பொறுப்பாளர் பெயர் அழிவது ‘பெரும்பாலும்’ நடக்காமல் இருந்தால் போதாது. ஆகவே நிரலை மாற்றினேன். ‘நல்’ வந்தாலும், வெற்றுச் சொல் வந்தாலும், புலமே வராவிட்டாலும் மூன்றுக்கும் ஒரே பொருள்: தொடாதே. எதையாவது உண்மையிலேயே அழிக்க வேண்டுமானால் ‘அழிக்க_வேண்டியவை’ என்ற தனிப் பட்டியலில் புலத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். விவரிப்பு அரைப் பக்கத்திலிருந்து இரண்டு வரியாகக் குறைந்தது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: ஒரு விதியை விளக்க நான்கு வாக்கியம் தேவைப்பட்டால், எழுதுவதை நிறுத்திவிட்டு நிரலைப் பார்ப்பேன். அந்த விதியையே எடுத்துவிட முடியுமா என்பதுதான் முதல் கேள்வி.

இந்தக் கட்டத்தில்தான் சோதனைக்கு ஒழுங்கான வழி வேண்டும் என்று தோன்றியது. முந்தைய ஆண்டுக் குழுவிலிருந்து 120 செய்திகளை எடுத்தேன். பெயர்களையும் எண்களையும் மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் எந்தப் பணி, எந்தப் புலம், என்ன மதிப்பு என்று சரியான விடையை எழுதிவைத்தேன். இதற்கே மூன்று மாலைகள் போயின; அந்த மூன்று மாலைகளும் பிறகு பல மடங்காகத் திரும்பி வந்தன. விவரிப்பில் ஒரு வரி மாற்றினாலும் 120ஐயும் ஓட்டுவேன். மாடல் ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் ஒரே விடை தராது என்பதால் மூன்று முறை ஓட்டி, மூன்றிலும் சரியாக வந்ததை மட்டும் சரி என்று கணக்கிட்டேன். மூன்று ஓட்டத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 1 ரிங்கிட் 20 சென். முதல் மதிப்பெண் 71.

தவறிய 49இல் ஏறக்குறைய பாதி ஒரே காரணம்: முடியாததை முடிந்தது என்று குறித்தது. நிலைக்கு மூன்று மதிப்புகள் வைத்திருந்தேன்: தொடங்கவில்லை, நடக்கிறது, முடிந்தது. யாருக்கும் புரியும் சொற்கள் என்று அவற்றுக்கு விளக்கமே எழுதவில்லை. ஆனால் எங்கள் குழு எப்படிப் பேசுகிறது? “ஐஸுக்குச் சொல்லியாயிற்று” என்று ஒருவர் எழுதுவார். இன்னொருவர் ஒரே சொல்லில் “செட்டல்” என்பார். மலாயில் எழுதுபவர்கள் ‘சுடா’ என்பதை மூன்றெழுத்தாகச் சுருக்கி அனுப்புவார்கள். ‘பெலும்’ என்பதற்கும் மூன்றெழுத்துச் சுருக்கம் உண்டு. ஏற்கெனவே, இன்னும் இல்லை, இரண்டுக்கும் நடுவே அவ்வளவுதான் இடைவெளி. ஏஜென்ட் இந்தச் சொற்களைப் புரிந்துகொள்ளத் திணறவில்லை. சொல்லியாயிற்று என்றால் சொல்லி முடித்துவிட்டார் என்பதை அது மிகச் சரியாகவே புரிந்துகொண்டது. எங்களுக்கு ஐஸ் பணி முடிவது சொல்லும்போது அல்ல, 40 பை ஐஸ் பந்தலில் இறங்கும்போது என்பதை மட்டும் அது அறிய வழியில்லை.

சொற்பட்டியல் ஒன்று தயாரித்தேன். இன்ன சொல் வந்தால் இன்ன நிலை என்று 31 வரிகள். மதிப்பெண் 71லிருந்து 83க்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டது. ஏனென்றால் “செட்டல்” என்பது அனுமதிக் கடிதத்தைப் பற்றி வந்தால் முடிந்தது, தேங்காயைப் பற்றி வந்தால் விலை பேசியாயிற்று என்பது மட்டுமே. சொல் ஒன்றுதான், வேலைதான் வேறு. பட்டியலை இன்னும் நீட்டிக்கொண்டே போனேன். இரண்டு வாரத்தில் மிகத் தவறான திருப்பம் அதுவே.

வழி காட்டியது சமையலுக்குப் பொறுப்பான அக்கா. தொண்டர்களுக்குப் புரியட்டும் என்று விவரிப்பின் தமிழ் வடிவம் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்திருந்தேன். லெபோ பாசாரில் மளிகை வாங்கப் போனபோது, கடை வாசலில் நின்றபடியே அவர் அதைப் படித்துவிட்டுக் கேட்டார்: “என்னம்மா, எல்லா வேலைக்கும் ஒரே முடிவா எழுதியிருக்கிறாய்? பருப்பு வாங்குவது மூட்டை என் சமையற்கட்டில் இறங்கினால்தான் முடியும். லாரிக்காரரிடம் பேசுவது பேசினாலே முடிந்தது. எது எப்போது முடியும் என்று அந்தந்த வேலையிலேயே எழுதி வைக்கலாமே?”

அன்று இரவே அட்டவணையில் ‘முடிவுக்_குறி’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்தேன். ஒவ்வொரு பணிக்கும் ஒரு வரி. ஐஸ்: 40 பையும் பந்தலில் இறங்கியிருக்க வேண்டும். அனுமதி: கடிதம் கையில் இருக்க வேண்டும். தேங்காய்: சாலையோரத்தில் அடுக்கியிருக்க வேண்டும். 68 வரிகளையும் அக்காவும் அண்ணனும் என்னோடு உட்கார்ந்து எழுதினார்கள், இரண்டரை மணி நேரம். பணியைப் படிக்கும்போது அந்த வரியும் சேர்ந்து வரும். விவரிப்பில் 31 வரிச் சொற்பட்டியலை எடுத்துவிட்டு இப்படி எழுதினேன்: “முடிவுக்_குறியில் உள்ளது நடந்துவிட்டது என்று செய்தி வெளிப்படையாகச் சொன்னால் மட்டுமே ‘முடிந்தது’. சொன்னோம், பேசினோம், ஆர்டர் கொடுத்தோம் என்பதெல்லாம் ‘நடக்கிறது’. ஐயமிருந்தால் ‘நடக்கிறது’ என்று வைத்து, செய்தியைக் குறிப்பில் சேர்.” மதிப்பெண் 104. நடுநிசி தாண்டியிருந்தது, இருந்தாலும் அந்த எண்ணைப் படம் எடுத்து இருவருக்கும் அனுப்பினேன்.

அந்த வரியில் கடைசித் துண்டு முக்கியமானது. ஐயம் வந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று சொல்லாவிட்டால் மாடல் தானாக ஒரு பக்கம் சாயும். அது பெரும்பாலும் வேலை முடிந்தது என்ற பக்கமாகவே இருந்தது. பந்தல் வேலையில் ‘நடக்கிறது’ என்று தவறாக இருந்தால் ஒருவர் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்வார். ‘முடிந்தது’ என்று தவறாக இருந்தால் காலை 5 மணிக்கு ஐஸ் இருக்காது.

பெயர்த் தேடலில் வந்த சிக்கல் தமிழுக்கே உரியது. தமிழில் தரவு வைத்திருக்கும் எவருக்கும் வரக்கூடியது என்பதால் விரிவாகச் சொல்கிறேன். ஏஜென்ட் பணியைத் தலைப்பைக் கொண்டு தேடி, எண்ணைக் கண்டுபிடித்து, பிறகு மாற்றும். ‘கொட்டகை’ என்று தேடினால் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று வந்தது. பட்டியலில் கொட்டகை கண்ணெதிரே இருந்தது. கிடைக்காததால் அது புதிய பணி ஒன்றைத் தொடங்கிவிட்டது. இரண்டு கொட்டகை ஆயிற்று. எழுத்துகளை எண்ணிப் பார்த்தேன். ஏஜென்ட் அனுப்பிய சொல்லில் 7 யூனிகோட் குறிகள், தரவுத்தளத்தில் இருந்ததில் 8. ‘கொ’வின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய எழுத்துருவில் இருந்த ஒரு பட்டியலை ஒருவர் மாற்றி ஒட்டியிருந்தார்; அதில் வந்தவை எல்லாம் இரண்டாகப் பிரிந்த குறிகள். சேமிக்கும்போதும் தேடும்போதும், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றியதும் இது தீர்ந்தது. பைத்தானில் ஒரே வரி.

ஆனால் ‘பௌர்ணமி’ தீரவில்லை. பலர் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பு போட்டு ளகரத்தைத் தட்டி ‘பெளர்ணமி’ என்று எழுதுகிறார்கள். யூனிகோடுக்கு அது வேறு சொல். என்எஃப்சி அதை ஒன்றாக்காது. தேடலில் மட்டும் இரண்டையும் ஒன்றாக எண்ணும்படி சிறு விதி எழுதினேன். கூடவே, தேடி எதுவும் கிடைக்காவிட்டால் ‘கிடைக்கவில்லை’ என்று மொட்டையாகச் சொல்லாமல், நெருக்கமான மூன்று தலைப்புகளை எண்ணோடு திருப்பி அனுப்பினேன். அதன் பிறகு இரட்டைப் பணி ஒன்றுகூட உருவாகவில்லை. பிழைச் செய்தியும் விவரிப்பின் பகுதிதான். ஏஜென்ட் மிகக் கவனமாகப் படிப்பது அதைத்தான், ஏனென்றால் அது சரியாக வேண்டிய நேரத்தில் வருகிறது. என் பிழைச் செய்திகள் அனைத்தையும் அதற்குப் பிறகு திரும்ப எழுதினேன். “பதிப்பு பொருந்தவில்லை” (பதிப்பு என்பது பணி மாறும்தோறும் ஏறும் எண்) என்றிருந்தது, “இந்தப் பணியை நீ படித்த பிறகு வேறொருவர் மாற்றிவிட்டார். இப்போதைய நிலை கீழே உள்ளது. உன் மாற்றம் இன்னும் தேவையா என்று பார், தேவையானால் பதிப்பு 6 என்று போட்டு மறுபடி அனுப்பு” என்று ஆயிற்று. இரண்டு ஏஜென்டுகளும் ஒரே பணியில் மோதிக்கொண்டது அதோடு நின்றது.

தேதிகளில் இரண்டு தவறுகள், இரண்டும் என்னுடையவை. கெடுவுக்கு எடுத்துக்காட்டாக 2026-01-31 என்று எழுதியிருந்தேன். தேதி சொல்லாத செய்திகளுக்கும் ஏஜென்ட் அதையே போட்டது. 9 பணிகள் அந்தத் தேதியில் வந்து நின்றன. உண்மையான கெடுவும் அதே நாள் என்பதால் ஒரு வாரம் எனக்கே தெரியவில்லை. இப்போது எடுத்துக்காட்டில் 2019ஆம் ஆண்டுத் தேதி இருக்கிறது, கடந்த தேதியை நிரல் ஏற்காது. அப்படியே பெயர்த்துப் போட்டால் உடனே பிடிபடும். இரண்டாவது, நேரத்தைச் சர்வதேச நேரமாக எழுதும்படி கேட்டிருந்தேன். காலை 6 மணிக்கு வர வேண்டிய பாலுக்கு, ஏஜென்ட் 6 என்றே எழுதிச் சர்வதேச நேரக் குறியைப் போட்டுவிட்டது. எட்டு மணி நேரம் கூட்டினால் பிற்பகல் 2. பட்டியலில் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, மோர் பந்தலுக்குப் பிற்பகலில் பால் எதற்கு என்று கேட்டார். இப்போது ஏஜென்ட் எழுதுவது பினாங்குக் கடிகார நேரம் மட்டுமே; நேர வலயக் கணக்கை நிரல் செய்கிறது.

ஜனவரி 19 அன்று, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த வாரத்தில், அந்தக் ‘குறிப்பு_சேர்’ ஆபத்து வெளியே வந்தது. வீட்டு இணையம் அன்று விட்டுவிட்டு வந்தது. இரவுப் பட்டியலில் ஐஸ் 120 பை என்று இருந்தது. குறிப்பில் “40 பை உறுதி” என்ற வரி மூன்று முறை. ஏஜென்ட் அனுப்பியிருக்கிறது, நிரல் எழுதியிருக்கிறது, விடை திரும்பிப் போகும் வழியில் இணைப்பு அறுந்திருக்கிறது. விடை வராததால், ஏஜென்டுக்கும் கருவிக்கும் நடுவே இருக்கும் என் இணைப்பு நிரல் மறுபடி அனுப்பியது, பிறகு மறுபடியும். அப்படி மறுபடி அனுப்பக் காரணம், புரோட்டோகாலில் கருவிகளுக்கு ஒட்டும் அடையாளக் குறிப்புகளில் ஒன்று: ‘திரும்பச் செய்தாலும் விளைவு மாறாது’ என்பது. அதை நானே ‘ஆம்’ என்று போட்டிருந்தேன். குறிப்பை மாற்றி எழுதிய காலத்தில் அது உண்மை. சேர்க்கத் தொடங்கிய நாளே அது பொய்யாகிவிட்டது. நான் விவரிப்பைத் திருத்தினேன், இந்த ஒற்றைச் சொல்லைத் திருத்த மறந்தேன். இரவு ஏஜென்ட் அந்த மூன்று வரிகளையும் கூட்டி 120 என்று எழுதியது. ஐஸ்காரருக்கு அழைக்கக் கைப்பேசியை எடுத்த தம்பியைத் தடுத்தது, போன ஆண்டு இரவெல்லாம் குழுவைப் படித்த அதே அண்ணன்தான். அவருக்கு 40 என்ற எண் நினைவில் இருந்தது.

இணைப்பு நிரல் ஒவ்வோர் அழைப்போடும் ஒரு தனி அடையாள எண்ணை அனுப்பும்படி செய்தேன். அதே எண் மறுபடி வந்தால் எதையும் எழுதாமல் பழைய விடையையே திருப்பித் தரும். ஏஜென்டுக்கு இது தெரிய வேண்டியதில்லை, ஆகவே விவரிப்பில் இடம்பெறவில்லை. பிறகு இணையக் கம்பியை வேண்டுமென்றே பிடுங்கிப் பிடுங்கி 20 முறை சோதித்தேன். இருபதிலும் ஒரே ஒரு வரிதான் சேர்ந்தது.

எந்த மொழியில் எழுதுவது என்று என்னைப் பலர் கேட்டார்கள். தமிழில்தான் தொடங்கினேன், தமிழிலேயே வைத்திருக்க விரும்பினேன். நான் பயன்படுத்திய மாடலில் அதே விவரிப்பு ஆங்கிலத்தில் 640 டோக்கன் (மாடல் உரையை வெட்டிக் கணக்கிடும் துண்டு), தமிழில் 1,900 டோக்கன். ஒவ்வொரு செய்திக்கும் விவரிப்பு முழுவதும் கூடவே போவதால் செலவும் அந்த அளவுக்கு ஏறும். மதிப்பெண்ணில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆகவே விதிகள் ஆங்கிலத்தில், செய்திகளின் எடுத்துக்காட்டுகளும் முடிவுக் குறிகளும் தமிழிலும் மலாயிலும் என்று பிரித்தேன். தமிழ் வடிவத்தைத் தொண்டர்களுக்காகத் தனியே வைத்திருக்கிறேன், ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதையும் திருத்துகிறேன். அக்காவின் கையில் ஒரு தமிழ்த் தாள் இருந்திருக்காவிட்டால் 83ஐத் தாண்டியிருக்க மாட்டேன்.

கடைசி மதிப்பெண் 113. மீதி ஏழில் ஐந்து, மனிதர்களான எங்களுக்கே இரண்டு விதமாகப் படக்கூடிய செய்திகள். மாடலுக்கு மொத்தம் ஆன செலவு 63 ரிங்கிட் 40 சென். அதில் 40 ரிங்கிட்டுக்கு மேல் சோதனைகளுக்கே. பந்தலின் மூன்று நாளுக்கு மட்டும் பார்த்தால் 6 ரிங்கிட்டுக்கும் குறைவு.

அடுத்த ஆண்டுக்கு நான் மாற்ற நினைப்பவை. ‘பணி_மாற்று’ ஒரே கருவியாக இருக்கக் கூடாது. நிலையை மாற்ற ஒன்று, குறிப்புச் சேர்க்க ஒன்று, ஆளையும் கெடுவையும் மாற்ற ஒன்று என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றின் விவரிப்பும் ஐந்து வரிக்குள் அடங்கும், அடையாளக் குறிப்பும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே உண்மையாக இருக்கும். முடிவுக் குறிகளை முதல் வாரத்திலேயே, நிரல் எழுதும் முன்பே, அக்காவோடு உட்கார்ந்து எழுத வேண்டும். சாப்பாடு, ஐஸ், பால் மூன்றுக்கும் ‘முடிந்தது’ என்று ஏஜென்ட் தானாகக் குறிக்காமல், பொறுப்பாளரிடம் ஒரு சொல் கேட்ட பிறகே குறிக்க வேண்டும். 120 செய்திகளோடு இந்த ஆண்டுக் குழுவிலிருந்து இன்னும் 60 சேர்க்கப்போகிறேன். அவற்றில் முதலாவது, ஜனவரி 31 காலை 4:50க்கு ஐஸ் லாரி சந்துக்குள் நுழைந்ததும் தம்பி அனுப்பியது. ஒரு லாரிப் படமும் ‘சுடா’வின் அந்த மூன்றெழுத்தும்தான் அதில் இருந்தன. ஏஜென்ட் அதை ‘நடக்கிறது’ என்று வைத்தது. பைகள் இறங்கியது 5:15க்கு.